மெஷினை நிறுத்தும் கை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகத் திரும்பும் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட ஷெட். உள்ளே ஏழு பவர் பிரஸ், அதாவது தகட்டை அமுக்கி வெட்டவும் மடிக்கவும் செய்யும் மெஷின். ஐ.டி.ஐ. முடித்த கையோடு நான் முதலில் வேலைக்குப் போன இடம் அது. அங்கிருந்த ஐம்பது டன் பிரஸ்ஸில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு பச்சை பட்டன்கள். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேல் டை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சின் மேல் பாதி, கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்கு நடுவே கை இருக்க முடியாது என்பதுதான் கணக்கு.

சேர்ந்த முதல் வாரமே ஒன்று கண்ணில் பட்டது. இடது பட்டன் மேல் ஒரு மரத்துண்டை வைத்து, பழைய சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அது பழைய மாடல் பிரஸ். ஒரு பட்டன் எந்நேரமும் அமுங்கியே கிடக்கிறது என்பதை அதனால் கண்டுபிடிக்க முடியாது. ஆபரேட்டர் வலது கையால் பட்டனை அமுக்குவார், இடது கையால் தகட்டை வைத்து எடுப்பார். "அண்ணே, ஏன் இப்படிக் கட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "ரெண்டு கையாலயும் அமுக்கினு இருந்தா கவுன்ட் வராதுபா" என்றார். கவுன்ட் என்றால் ஷிப்டுக்குள் அடித்து முடிக்க வேண்டிய எண்ணிக்கை. வேலை தெரிந்த மனிதர். பிரஸ் அடிக்கிற சத்தத்தை வைத்தே பஞ்ச், அதாவது தகட்டில் துளை போடும் உளி, மழுங்கிவிட்டதைச் சொல்லிவிடுவார். அந்த வருஷம் மழைக்காலத்தில், ஒரு நைட் ஷிப்டில், அவருடைய இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

மறுநாள் ட்யூபை அறுத்துப் போட்டார்கள். பத்து நாளில் வேறொரு ட்யூப் வந்துவிட்டது.

உற்பத்தியை மேம்படுத்துவது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த ட்யூப்தான் நினைவுக்கு வரும். அங்கே நல்ல தொழில்நுட்பம் இருந்தது, கை நுழையாமல் தடுக்கும் பட்டன். தேர்ந்த ஆளும் இருந்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த பழக்கம் இரண்டையும் தின்றுவிட்டது. கவுன்ட் குறைந்தால் திட்டு விழும், ட்யூப் கட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அந்தப் பழக்கம். ஆலையில் 'கலாச்சாரம்' என்று சொல்வது இதைத்தான். சுவரில் ஒட்டிய வாசகத்தைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. எதைச் செய்தால் திட்டு விழுகிறது, எதைச் செய்தால் யாரும் கண்டுகொள்வதில்லை என்று பார்த்தால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், மகனோ மகளோ ஆலை வேலைக்குப் போகும் வீட்டாருக்கும் ஒரே ஒரு கருத்தை விளங்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. தப்பு நடக்கும்போது மெஷினை நிறுத்தும் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி அது. உற்பத்தி மேம்பாட்டில் மற்றதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்ததாகவே எனக்குப் படுகிறது.

கேள்வி ஒரு தறியிலிருந்து வந்தது. ஜப்பானில் 1867-இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர் சாகிச்சி டொயோடா. வீட்டில் அம்மா கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். பிற்பாடு அவர் தானியங்கித் தறிகளைச் செய்தார். 1924-இல் வந்த அவருடைய தறியின் சிறப்பு வேகம் மட்டுமில்லை. ஒரு நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அப்படி நிற்காத தறிகள் அறுந்த நூலோடு நெய்துகொண்டே போகும். அடி அடியாகக் கெட்டுப்போன துணி வெளியே வரும். அதைத் தடுக்கத் தறிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் கண் இமைக்காமல் நிற்க வேண்டும். தறி தானாக நிற்கும் என்று ஆனதும் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. மனிதர் மெஷினுக்குக் காவல் நிற்கிற நிலை போய், மெஷின் கூப்பிட்டால் போய்ப் பார்க்கிற நிலை வந்தது. இந்த யோசனைக்கு ஜிடோகா என்று பெயர்.

அவர் குடும்பத்தார் பின்னாளில் கார் கம்பெனி தொடங்கினார்கள். அதுதான் டொயோட்டா. கார் கோக்கும் வரிசையில் தறியைப் போல நூல் அறுவதில்லை. போல்ட் சரியாக ஏறவில்லை, கதவு ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதையெல்லாம் அந்தக் காலத்து மெஷினால் கண்டுபிடிக்க முடியாது, அங்கே நிற்கும் ஆளுக்குத்தான் தெரியும். அதனால் தறிக்குக் கொடுத்த அதே உரிமையை ஆளுக்கும் கொடுத்தார்கள். வரிசை நெடுக ஒரு கயிறு ஓடும். தப்பைப் பார்த்தவர் அதை இழுக்க வேண்டும். இழுத்ததும் மேலே விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். அந்த வண்டி குறிப்பிட்ட கோட்டைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடிந்தால் வரிசை ஓடிக்கொண்டே இருக்கும், முடியாவிட்டால் நின்றுவிடும். இந்த ஏற்பாட்டுக்கு ஆண்டான் என்று பெயர். காகித விளக்குக்கு ஜப்பானிய மொழியில் உள்ள பழைய சொல் அது. பல ஆலைகளில் இப்போது கயிற்றுக்குப் பதில் பட்டன் வந்துவிட்டது.

இதில் கயிறு சுலபமான பகுதி. கயிற்றை இழுத்தவரைப் பார்த்து ஓடிவருகிறவர் முதலில் என்ன சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "யார்பா இழுத்தது?" என்று கேட்டால் அடுத்த நாள் யாரும் இழுக்க மாட்டார்கள். "என்னாச்சு, காட்டு" என்று கேட்டால் இழுப்பார்கள்.

இது பேச்சுக்குச் சொல்வதில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. தரம் மோசம், வேலைக்கு வராதவர்கள் அதிகம், நிர்வாகத்துக்கும் யூனியனுக்கும் ஓயாத சண்டை. 1982-இல் மூடிவிட்டார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தபோது பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களையே எடுத்தார்கள், யூனியனும் அதேதான். சிலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். கயிற்றை இழுக்கும் உரிமையைக் கொடுத்தார்கள். இழுத்தவரைத் தண்டிப்பதில்லை என்று காட்டினார்கள். சீக்கிரத்திலேயே அங்கே செய்த கார்களின் தரம் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளைத் தாண்டியது. அதே 80-களில் அந்த நிறுவனம் ரோபோக்களுக்கும் தானியங்கி மெஷின்களுக்கும் பல நூறு கோடி டாலர் செலவழித்தது. அதில் இப்படி ஒரு பலன் கிடைக்கவில்லை. ஃப்ரீமாண்டில் பார்த்ததைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோவதும் அதற்குக் கடினமாகவே இருந்தது. கயிறு போய்ச் சேர்ந்துவிடும், நம்பிக்கை அத்தனை சீக்கிரம் போய்ச் சேராது.

வடசென்னைக்கு இதெல்லாம் தூரத்துக் கதை இல்லை. பெரம்பூர் பக்கிங்ஹாம் - கர்நாடிக் மில்லில் வேலை செய்தவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் புளியந்தோப்பிலும் ஓட்டேரியிலும் இருக்கிறார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர். செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் அதற்கு ஓடி உழைத்தார்கள், திரு.வி.க. கூட நின்றார். தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் அரை மணி நேரம் போதவில்லை என்பது. கை கழுவி, வரிசையில் நின்று, சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். மில்லுக்குள் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம். அதைக் காதில் வாங்க ஒரு சங்கம் பிறக்க வேண்டியிருந்தது. மேம்பாடு என்பதைக் கேட்பதிலிருந்து தொடங்கு என்று யாராவது சொன்னால், அதற்கு இந்த ஊரிலேயே நூறு வருஷத்துக்கு மேலான சான்று இருக்கிறது.

அப்புறம் ஆலைகள் வரிசையாக வந்தன. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். அதே வருஷம் திருவொற்றியூர் என்ஃபீல்டு தொடங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்ட், மணலியில் சுத்திகரிப்பு ஆலை. ஒவ்வொரு பெரிய ஆலைக்கும் வாஷர், பிராக்கெட், கிளாம்ப், புஷ் என்று செய்துகொடுக்கச் சின்னச் சின்ன ஷாப்கள் முளைத்தன. மேம்பாடு என்றால் பெரிய ஆலைகளின் விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். பத்து பேர் வேலை செய்யும் ஷெட்டில்தான் அது இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பது என் அனுபவம்.

இப்போது நான் மணலிப் பக்கம் ஒரு சிறிய பிரஸ் ஷாப்பில் உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் ஒரு பிராக்கெட் அடிக்கிறோம், நான்கு துளை, ஒரு மடிப்பு. ஒரு நாள் கஸ்டமரிடமிருந்து 400 பீஸ் திரும்பி வந்தது. துளையைச் சுற்றிப் பர், அதாவது வெட்டிய ஓரத்தில் பிசிறு. விரலை வைத்தால் கிழித்துவிடும். வழக்கமாக என்ன நடக்கும்? ஆபரேட்டரைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டு, அரத்தைக் கொடுத்து, "உக்காந்து எல்லாத்தையும் தேய்" என்று சொல்வார்கள். தேய்த்து அனுப்பிவிடலாம். அடுத்த மாதமும் திரும்பி வரும்.

டொயோட்டாவில் தாய்இச்சி ஓனோ என்ற பொறியாளர் ஒரு பழக்கத்தை வளர்த்தார். ஒரு கோளாறு வந்தால் ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்து என்பது எண்ணிக்கைக்காக இல்லை, முதல் பதிலோடு நின்றுவிடாதே என்பதற்காக. நாங்கள் பிரஸ் பக்கத்திலேயே நின்று கேட்டுப் பார்த்தோம்.

ஏன் பர் வந்தது? பஞ்ச் மழுங்கிவிட்டது. ஏன் மழுங்கும் வரை விட்டோம்? சாணை பிடிக்க அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை? கடைசியாகச் சாணை பிடித்த பிறகு எத்தனை அடி அடித்திருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. ஏன் தெரியாது? அதற்கென்று போட்ட நோட்டில் இரண்டு மாதமாக யாரும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை?

இந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. அப்புறம் இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் சொன்னான். "நான் ஒரு தரம் எழுதி, பஞ்ச் போயிடுச்சுன்னு சொன்னேன் சார். டெலிவரி முடியட்டும்னு சொல்லிட்டாங்க. பீஸ் ரிஜெக்ட் ஆனதும், தெரிஞ்சும் ஏன் ஓட்டினேன்னு என்னைத்தான் கேட்டாங்க."

டெலிவரி முடியட்டும் என்று அவனிடம் சொன்னது நான்தான். ஐந்தாவது ஏன் பஞ்சில் நிற்கவில்லை, என்னிடம் வந்து நின்றது. சரியாகக் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். இரும்பில் தொடங்கும் கேள்வி நாலாவது ஐந்தாவது படியில் மனிதர்களுக்கு இடையே உள்ள ஏதோ ஒன்றில் வந்து முட்டும். அங்கே வந்ததும் கேள்வியை நிறுத்திவிடுவதுதான் நம் எல்லோருக்கும் வசதி. அங்கே நிறுத்தாமல் இருப்பதுதான் மேம்பாடு.

அன்றைக்கு மூன்று காரியம் செய்தோம். பிரஸ்ஸில் ஒரு கவுன்டர் மாட்டினோம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு எண் ஏறும், குறித்த எண் வந்ததும் சிவப்பு விளக்கு எரியும். சென்சாரும் கவுன்டரும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது, விளக்கு எரிந்தால் ஆபரேட்டர் பிரஸ்ஸை நிறுத்தலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். மறுபடி ஓட்டச் சொல்வதென்றால் சொல்கிறவர் நோட்டில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது, ஒரு பலகை. பச்சைப் பெயின்ட் அடித்த பாதியில் நல்ல பீஸ் ஒன்று, சிவப்புப் பாதியில் பர் உள்ள பீஸ், துளை தள்ளிப்போன பீஸ், மடிப்பில் விரிசல் விட்ட பீஸ் என்று கம்பியில் கோத்துத் தொங்கவிட்டோம். எங்களிடம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிகள் இருக்கிறார்கள். தமிழில் எழுதிய தரக்குறிப்பு அவர்களுக்கு உதவாது. தொங்கும் பீஸைத் தொட்டுப் பார்த்தால் எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.

இந்த மூன்றில் கவுன்டர்தான் தொழில்நுட்பம். பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கையெழுத்து விதி இல்லாமல் அந்த விளக்கு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் யாராவது அதன் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டியிருப்பார்கள்.

தப்பு நடக்கவே முடியாதபடி அமைப்பது இன்னொரு வழி. வீட்டில் இருக்கும் மூன்று முள் பிளக்கைப் பாருங்கள். மேலே உள்ள எர்த் முள் மட்டும் தடிமன், நீளமும் அதிகம். திருப்பிச் செருக முடியாது. செருகும்போது எர்த் முதலில் சேரும். யாரும் யோசிக்க வேண்டியதில்லை. பீஸைப் பிடித்துவைக்கும் எங்கள் ஃபிக்ஸ்சரில் சிறிய பின் ஒன்றை அடித்துவைத்ததும், பிராக்கெட்டைத் தலைகீழாக வைத்து மடித்துவிடும் தப்பு அடியோடு நின்றுபோனது. இந்த முறைக்குப் பெயர் போகா-யோகே. ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் இதைப் பரப்பினார். முதலில் அதற்கு இருந்த பெயர் பாகா-யோகே, அதாவது முட்டாள் தடுப்பு. 1963 வாக்கில் ஓர் ஆலையில் அப்படி ஒரு கருவியைப் பொருத்தியபோது, நான் அவ்வளவு முட்டாளா என்று ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட்டார். அதன் பிறகு ஷிங்கோ பெயரை மாற்றினார். போகா என்றால் கவனப்பிசகு. யாருக்கும் வரக்கூடியது. கருவி அதேதான், ஒரு சொல்தான் மாறியது. அந்தச் சொல் மாறாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் அடுத்த தப்பை யாரிடம் சொல்லியிருப்பார்?

சரி, மெஷினை நிறுத்திக்கொண்டே இருந்தால் உற்பத்தி என்னாவது? முதலாளிகள் கேட்கும் நியாயமான கேள்வி இது. இதற்குக் கணக்கால்தான் பதில் சொல்ல வேண்டும்.

மாதிரிக்கு ஒரு ஷிப்டை எடுத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம், 480 நிமிடம். சாப்பாட்டுக்கும் டீக்கும் 50 நிமிடம் போனால் ஓட வேண்டியது 430 நிமிடம். டை மாற்றியது, கோளாறு, தகடு வரக் காத்திருந்தது என்று 86 நிமிடம் நின்றுவிட்டது. ஓடியது 344 நிமிடம், அதாவது 80 சதவீதம். நிமிடத்துக்கு 15 பீஸ் அடிக்க வேண்டிய பிரஸ் 344 நிமிடத்தில் 5,160 அடித்திருக்க வேண்டும், அடித்தது 4,128. இதுவும் 80 சதவீதம். அதில் 206 பீஸ் கெட்டது. நல்லது 95 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் சுமார் 61 சதவீதம் வருகிறது. ஆலைகளில் இதை ஓ.இ.இ. என்பார்கள், மெஷினின் முழுத் திறனில் நாம் உண்மையில் எவ்வளவு எடுத்தோம் என்பதைச் சொல்லும் எண். நாள் முழுக்க வியர்வை சிந்தி ஓட்டியும் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு எங்கேயோ கசிந்துவிட்டது.

எங்கே கசிந்தது என்று பாருங்கள். தப்பைக் கண்டு நிறுத்தியதில் இல்லை. டை மாற்றும்போது, தகட்டுக்குக் காத்திருக்கும்போது, மழுங்கிய பஞ்சோடு தயங்கித் தயங்கி ஓட்டும்போது, கெட்ட பீஸை அடிக்கும்போது. பஞ்ச் மாற்றப் பத்து நிமிடம் நிறுத்தினால் 150 பீஸ் போகும். நிறுத்தாததால் எங்களுக்கு 400 பீஸ் திரும்பி வந்தது. போக வர வண்டி வாடகை, தேய்க்க இரண்டு ஆள் இரண்டு நாள், கஸ்டமரிடம் போன பெயர் எல்லாம் அதற்கு மேல்.

இந்த எண்ணில் ஓர் ஆபத்தும் உண்டு. இதை ஆபரேட்டரின் மதிப்பெண்ணாக ஆக்கிவிட்டால் எண் பொய்யாகிவிடும். நின்ற 86 நிமிடத்தை யாரும் 86 என்று எழுத மாட்டார்கள். ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரி இதை வைத்துக்கொள்ள வேண்டும். ஜுரம் ஏறியதற்காக யாரும் குழந்தையை அடிப்பதில்லை.

டை மாற்றும் நேரத்தைக் குறைப்பதை விளக்க எனக்குக் காசிமேடுதான் கை கொடுக்கும். விசைப்படகு கடலுக்குக் கிளம்பும் முன் டீசல், ஐஸ், குடிதண்ணீர், அரிசி பருப்பு எல்லாம் ஏறிவிடும். வலையைக் கரையிலேயே உட்கார்ந்து சரிபார்த்துவிடுவார்கள். நடுக்கடலில் போய் வலை தைத்துக்கொண்டிருந்தால் டீசலும் ஐஸும் கரையும். பிரஸ் ஷாப்பில் நாம் நடுக்கடலில்தான் வலை தைக்கிறோம். மெஷினை நிறுத்திவிட்டு டையைத் தேடுவது, போல்ட் தேடுவது, ஸ்பேனருக்குப் பக்கத்து ஷெட்டுக்கு ஓடுவது. மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியதை முன்பே முடித்துவிட வேண்டும் என்பதுதான் முறை. ஷிங்கோ இதையும் செய்து காட்டியிருக்கிறார். 1969-இல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ்ஸில் டை மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. முதலில் ஒன்றரை மணியாக்கினார்கள், பிறகு மூன்றே நிமிடம். எங்களிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது இருபத்தைந்து நிமிடத்துக்கு வந்திருக்கிறது. போல்ட்டெல்லாம் ஒரே அளவாக்கினோம், எல்லா டைக்கும் ஒரே உயரத்தில் அடிப்பலகை கொடுத்தோம். ஒரே அளவு போல்ட் என்ற யோசனை ஹெல்பராக இருக்கும் ஒரு பெரியவருடையது. முப்பது வருஷமாக ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கிறார். அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை.

பராமரிப்பைப் பற்றித் தனியாக நிறைய சொல்லத் தேவையில்லை, நமக்கு ஆயுத பூஜை இருக்கிறது. வருஷத்தில் அந்த ஒரு நாள் மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைக்கிறோம். துடைக்கும்போதுதான் தளர்ந்த நட்டும், எண்ணெய் கசியும் இடமும், விரிசல் விட்ட பெல்ட்டும் கண்ணில் படும். டி.பி.எம். என்ற பராமரிப்பு முறையை 1971-இலிருந்து ஜப்பானில் வளர்த்த செய்இச்சி நகாஜிமா போன்றவர்கள் சொன்னதும் இதுதான், துடைப்பதே பரிசோதனை. வருஷத்துக்கு ஒரு நாள் செய்வதை அவர்கள் தினமும் பத்து நிமிடம் ஆக்கினார்கள். அதை ஃபிட்டர் வந்து செய்வதில்லை, ஓட்டுகிற ஆபரேட்டரே செய்வார். கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது இன்னும் முக்கியம். எண்ணூர்க் காற்றில் எண்ணெய் தடவாமல் ஓர் இரவு விட்ட டை காலையில் செம்மண் நிறம் காட்டும்.

இப்போது புது விஷயங்கள் நிறைய வந்துவிட்டன. மோட்டார் இழுக்கும் கரன்ட்டை அளந்து பஞ்ச் மழுங்கியதைச் சொல்லும் கருவி, துளை தள்ளிப்போனதைப் பிடிக்கும் கேமரா, கை நீட்டினாலே பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித்திரை, முதலாளியின் போனில் நொடிக்கு நொடி கவுன்ட். இவற்றை நான் மனதார வரவேற்கிறேன். குறிப்பாக ஒளித்திரை. அது அன்றைக்கு இருந்திருந்தால் அந்த அண்ணனின் விரல்கள் இருந்திருக்கும். வாங்க முடிந்த ஒவ்வொரு ஷாப்பும் முதலில் அதைத்தான் வாங்க வேண்டும், கேமராவெல்லாம் அப்புறம்.

ஆனால் கருவி சொல்வதை யார் கேட்கப்போகிறார்கள் என்று முடிவாகாமல் கருவி வாங்கக் கூடாது. போனில் கவுன்ட் பார்க்கும் வசதி இருவிதமாகப் பயன்படும். பிரஸ் நின்றதும் "என்ன உதவி வேணும்?" என்று கேட்கப் பயன்படலாம், "ஏன்டா நின்னுச்சு?" என்று கேட்கவும் பயன்படலாம். இரண்டாவது வழியில் போன ஒரு ஷாப்பை எனக்குத் தெரியும். அங்கே பிரஸ் நிற்பதே இல்லை என்று திரை காட்டும். தகடு இல்லாதபோதும் வெறும் அடி அடித்து எண்ணை ஏற்றிவிடுவார்கள்.

தொழிலாளி வாய் திறக்க இன்னொன்றும் தேவை, அதைச் சொல்லாமல் விட முடியாது. யோசனை சொல்லி வேலை நேரத்தை மிச்சப்படுத்தினால், மிச்சமான ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பயந்தால் யார் சொல்வார்? ஒப்பந்தத்தில் இருக்கும் தம்பிக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்றே தெரியாது. அவனிடம் சிவப்புக் கயிற்றைக் கொடுத்து இழு என்றால் அவன் எப்படி இழுப்பான்? மேம்பாட்டால் யாருக்கும் வேலை போகாது என்று முதலாளி வாயால் சொல்லி, அதன்படி நடந்தும் காட்ட வேண்டும். எங்கள் ஷாப்பில் டை மாற்றுவதில் மிச்சமான நேரத்தில் ஒரு புது ஜாபை எடுத்தோம். அதில் வந்த பணத்தில் ஒரு பங்கு தீபாவளிக்கு எல்லோருக்கும் போனது. அதற்குப் பிறகுதான் யோசனை நோட்டு நிரம்பத் தொடங்கியது.

புதிதாகத் தொடங்க நினைப்பவர் எதையும் வாங்க வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, ஒரு ஷிப்ட் முழுக்க ஒரே மெஷின் பக்கத்தில் நில்லுங்கள். ஆபரேட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், உங்களைப் பார்க்க வரவில்லை, உங்களுக்கு என்ன தடையாக இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்று. மெஷின் நின்ற ஒவ்வொரு தடவையும் நேரம், காரணம் இரண்டையும் எழுதுங்கள். மதியத்துக்குள் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பிவிடும். அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, அந்த வாரத்துக்குள் சரிசெய்யுங்கள். குனிந்து குனிந்து தகடு எடுக்கிறாரா, ஒரு ஸ்டாண்டு அடித்துக் கொடுங்கள். நீங்கள் கேட்டதற்கு ஏதோ நடக்கிறது என்று அவர் பார்த்துவிட்டால், நீங்கள் கேட்காமலே அடுத்ததைச் சொல்வார்.

போன மாதம் ஒரு மதியம். ஒடிசாவின் பாலேஸ்வரிலிருந்து வந்து ஐந்து மாதமே ஆன தம்பி, சிவப்பு விளக்கு எரியாமலே பிரஸ்ஸை நிறுத்திவிட்டான். டெலிவரி வண்டி வாசலில் நிற்கிறது. நான் போய், "என்னாச்சு, காட்டு" என்றேன். அவனுக்குத் தமிழ் பாதிதான் வரும். காதைத் தொட்டுக் காட்டி, "சார், ஆவாஸ் வேற மாதிரி" என்றான். ஆவாஸ் என்றால் சத்தம். டையைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு பஞ்சின் கழுத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் ஒடிந்து தெறித்திருக்கும். அவன் முகம் அதற்கு ஓர் அடி தூரத்தில் இருந்தது. வண்டி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது. அந்தப் பஞ்ச் இப்போது பலகையின் சிவப்புப் பாதியில் தொங்குகிறது, கீழே அவன் பெயரை ஒடியாவில் அவனே எழுதியிருக்கிறான்.